ஒரு கார்ட்ரிட்ஜ், பல ஆட்டங்கள்: வாசகர் கேள்வி பதில்

பழைய நிண்டெண்டோ கருவிக்கு ஆர்வலர்கள் இன்றும் புதிய ஆட்டங்களை எழுதி, அவற்றுள் பலவற்றை ஒரே கார்ட்ரிட்ஜில் (நாம் கேசட் என்று சொல்வது) தொகுத்து, குறைந்த எண்ணிக்கையில் வெளியிட்டு வருவதைப் பற்றிச் சென்ற இதழில் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் அளிக்கிறேன். அத்தகைய தொகுப்பு ஒன்றுக்கு முன்பதிவு செய்துவிட்டு நாள் எண்ணிக்கொண்டிருப்பவர்களும் எழுதியிருக்கிறார்கள் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

தொண்ணூறுகளில் எங்கள் வீட்டு டி.வி. கேமுடன் '9999 இன் 1' என்று அச்சிட்ட கேசட் ஒன்று வந்தது. வெளிநாட்டு ரசிகர்கள் இன்று ஆவலோடு எதிர்பார்க்கும் தொகுப்பும் அதுவும் ஒரே வகைதானே?
– வாசகர், திருச்சி

பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் வேறு வேறு. நீங்கள் விளையாடிய கேசட்டில் உண்மையில் இருந்தவை சொற்பமான ஆட்டங்களே. அவற்றையே வேறு கட்டத்திலிருந்தோ கூடுதல் உயிர்களுடனோ தொடங்கச் செய்து, புதுப் புதுப் பெயர்களைச் சூட்டிப் பட்டியலை நீட்டியிருப்பார்கள். அந்த ஆட்டங்களை உருவாக்கியவர்களிடம் எவரும் அனுமதி கேட்கவும் இல்லை, அவர்களுக்கு ஒரு காசு போய்ச் சேரவும் இல்லை.

இவை இரண்டுக்கும் நடுவே இன்னொரு வரலாறும் உண்டு. 1991இல் அமெரிக்காவின் ஆக்டிவ் எண்டர்பிரைசஸ் நிறுவனம் 'ஆக்‌ஷன் 52' என்ற கார்ட்ரிட்ஜை நிண்டெண்டோவின் உரிமம் இல்லாமலேயே வெளியிட்டது. அதிலிருந்த 52 ஆட்டங்களும் சொந்தமாக எழுதப்பட்டவைதான். ஆனால் மிகச் சிறிய குழு ஒன்று அவசர அவசரமாக எழுதி முடித்ததால், சில ஆட்டங்கள் தொடங்கவே மறுத்தன, வேறு சில பாதியில் உறைந்து நின்றன. விலையோ 199 டாலர். அந்தப் பெயரை வேண்டுமென்றே நினைவூட்டும் வகையில்தான், நெஸ்டெவ் என்ற ஆர்வலர் வட்டத்தினர் 2011 முதல் நடத்திவரும் நிரல் போட்டிக்கு வந்த ஆட்டங்களைத் தொகுத்து 'ஆக்‌ஷன் 53' என்று பெயரிட்டார்கள். அதன் முதல் தொகுதியின் முகப்பில் நிற்கும் 'ஸ்ட்ரீமர்ஸ்', ஆக்‌ஷன் 52இல் அரைகுறையாகக் கிடந்த அதே பெயருடைய ஆட்டத்தை ரசிகர்கள் கையிலெடுத்து, அடியிலிருந்து புதிதாக எழுதியது. ஏமாற்றம் தந்த படைப்பு ஒன்றைச் செம்மையாக எழுதிக் காட்டும் அந்த மனத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். அதன்பின் 'டபுள் ஆக்‌ஷன் 53' முதலாக அடுத்தடுத்த தொகுதிகளும் வந்தன. இவற்றில் ஒவ்வோர் ஆட்டமும் எழுதியவரின் சம்மதத்துடனும் அவருடைய பெயருடனும் இடம்பெறுகிறது. உங்கள் பழைய கேசட்டுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு அதுதான்.

ஒவ்வோர் ஆட்டத்தையும் தனித்தனியாக வெளியிடலாமே? ஒன்றாகச் சேர்ப்பதில் தொழில்நுட்பச் சிக்கல் ஏதும் இல்லையா? நான் கணினி அறிவியல் மாணவன் என்பதால் சற்று விரிவாகவே விளக்கும்படி வேண்டுகிறேன்.
– வாசகர், சேலம்

நல்ல கேள்வி, விரிவாகவே சொல்கிறேன். என்.இ.எஸ். எனப்படும் அந்த நிண்டெண்டோ கருவியின் செயலி கார்ட்ரிட்ஜில் உள்ள நிரலில் ஒரு நேரத்தில் 32 கிலோபைட்டை மட்டுமே நேரடியாகப் பார்க்க இயலும்; படச் சில்லு 8 கிலோபைட் அளவுக்குப் படத்துண்டுகளைப் பார்க்கும். 1985இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' இந்த 40 கிலோபைட்டுக்குள் முழுமையாக அடங்கியது. போட்டிக்கென எழுதப்படும் சிறிய ஆட்டங்களும் பெரும்பாலும் இந்த அளவை ஒட்டியே இருக்கும். பத்து நிமிடம் களிப்பூட்டும் ஆட்டம் ஒன்றுக்காகத் தனிப் போர்டு, தனிக் கூடு, தனி லேபிள், தனி அஞ்சல் செலவு என்று போனால், எழுதியவருக்கும் கட்டுப்படியாகாது, வாங்குபவருக்கும் கட்டுப்படியாகாது. தொகுப்பு என்ற ஒன்று இல்லாவிட்டால் இந்தச் சிறு ஆட்டங்களுள் பலவும் உண்மையான கருவியைக் காணாமலேயே போயிருக்கும்.

இனிச் சிக்கலுக்கு வருவோம். மின்சாரம் வந்தவுடன் செயலி தன் முகவரி வெளியின் கடைக்கோடியில் உள்ள இரண்டு பைட்டுகளைப் படித்து, எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்துகொள்கிறது. ஆனால் நிரல் பதிந்த பெரிய நினைவகமான ரோமைப் பேங்குகள் என்ற பல பகுதிகளாகப் பிரித்து மாற்றி மாற்றிக் காட்டும் எளிய போர்டுகள் பலவற்றில், முதல் நொடியில் எந்த பேங்க் முன்னால் நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ஆக்‌ஷன் 53க்கென்றே வகுக்கப்பட்ட மேப்பர், அதாவது பேங்குகளை மாற்றிக் காட்டும் சுற்று, கருவி உயிர்பெறும்போது ரோமின் கடைசி பேங்க்தான் தெரியவேண்டும் என்று விதி செய்கிறது. பட்டியல் திரை அந்தக் கடைசி பேங்கில் வசிக்கிறது. நீங்கள் ஓர் ஆட்டத்தைத் தேர்ந்தவுடன், பட்டியல் நிரல் அந்த ஆட்டத்துக்கு உரிய படத்துண்டுகளைச் சுருக்கத்திலிருந்து விரித்து ரேமில் எழுதுகிறது. ஆட்டத்துக்கு எத்தனை பேங்குகள் தேவையோ அந்த அளவுக்கு மேப்பரை அமைக்கிறது. பிறகு ஆட்டத்தின் தொடக்க முகவரிக்குத் தாவுகிறது. அந்த நொடியிலிருந்து ஆட்டத்தைப் பொறுத்தவரை கார்ட்ரிட்ஜில் அது ஒன்று மட்டுமே இருக்கிறது.

கவனிக்கத்தக்க இன்னொரு நுட்பமும் உண்டு. கருவிக்குள் இரண்டு திரை அளவுக்கு மட்டுமே பட நினைவகம் இருக்கிறது. அந்த இரண்டும் பக்கவாட்டில் அடுத்தடுத்து நிற்க வேண்டுமா, மேலும் கீழுமாக நிற்க வேண்டுமா என்பது பழைய எளிய போர்டுகளில் ஒரு துளி ஈயப் பற்றுவைப்பினால் நிரந்தரமாக முடிவு செய்யப்பட்டிருக்கும். பக்கவாட்டில் நகரும் ஆட்டத்துக்கு ஓர் அமைப்பு, மேல்நோக்கி நகரும் ஆட்டத்துக்கு மற்றோர் அமைப்பு. இரண்டும் ஒரே கார்ட்ரிட்ஜில் குடியிருக்க வேண்டுமானால் நிரலின் கட்டளைப்படி அமைப்பு மாற வேண்டும். அதற்கும் அந்த மேப்பரில் இடம் வைத்திருக்கிறார்கள்.

முன்பதிவு செய்து பணமும் கட்டிவிட்டேன். தேதி தள்ளிக்கொண்டே போகிறது. ஏன் இத்தனை தாமதம்? ஏன் இவ்வளவு குறைந்த எண்ணிக்கை?
– வாசகர், கோயம்புத்தூர்

உங்கள் வருத்தம் நியாயமானதே. வேலைக்குப் போய்வந்து, கிடைத்த நேரத்தில் இதைச் செய்பவர்கள்தான் பெரும்பாலோர். போர்டுகளை வரவழைத்து, சில்லுகளைப் பற்றவைத்து, நிரலை ஏற்றி, ஒவ்வொன்றையும் கருவியில் செருகிச் சோதித்து, கூட்டில் பூட்டி, லேபிள் ஒட்டி அனுப்ப வேண்டும். அமெரிக்கக் கருவியில் உள்ள பூட்டுச் சில்லு, கார்ட்ரிட்ஜில் தனக்கு இணையான சில்லு பதில் பேசாவிட்டால் கருவியை மீண்டும் மீண்டும் மறுதொடக்கம் செய்துகொண்டே இருக்கும். அதற்குப் பதில் சொல்லும்படி நிரலிடப்பட்ட சிறிய சில்லு ஒன்றையும் ஒவ்வொரு போர்டிலும் வைக்க வேண்டும். விற்காமல் தேங்கினால் நட்டம் முழுவதும் தயாரிப்பவர் தலையில்தான் விழும் என்பதால், வந்த முன்பதிவை ஒட்டியே எண்ணிக்கையை முடிவு செய்கிறார்கள்.

தாமதத்துக்கு இதைவிட ஆழமான காரணம் சோதனை. கணினியில் எமுலேட்டர் என்ற, கருவியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளில் ஓட்டும்போது கருவியின் 2 கிலோபைட் ரேம் பெரும்பாலும் சுத்தமாக, ஒரே மதிப்புடன் இருக்கும். உண்மைக் கருவியில் மின்சாரம் வந்த நொடியில் அதில் என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது. தொகுப்பிலோ பட்டியல் திரை விட்டுச்சென்ற மிச்சங்களும் அதில் கிடக்கும். எல்லாம் பூஜ்யமாகத்தான் இருக்கும் என்று நம்பி எழுதப்பட்ட ஆட்டம், தனியாக ஓடும்போது எந்தக் குறையும் காட்டாமல், தொகுப்பில் சேர்ந்த பிறகு தடுமாறும். எழுதியவரைத் தேடிப் பிடித்து, திருத்தி வாங்கி, மீண்டும் முதலிலிருந்து எல்லா ஆட்டங்களையும் சோதிக்க வேண்டியிருக்கும். அனுப்பிய கார்ட்ரிட்ஜைத் திரும்பப் பெற்றுத் திருத்துவது நடக்கிற காரியமல்ல. ஆகவே இந்தக் காரணத்துக்காகத் தேதியைத் தள்ளிப்போடும் தயாரிப்பாளரிடம் எனக்கு நம்பிக்கை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. ஆனால் பணம் வாங்கிய பின் என்ன நடக்கிறது என்பதை அவ்வப்போது தெரிவிப்பது அவருடைய கடமை. மாதக்கணக்கில் மௌனமாக இருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

நம் நாட்டில் வாங்கிய பழைய நகல் கருவியில் இந்தக் கார்ட்ரிட்ஜ் வேலை செய்யுமா?
– வாசகர், திருநெல்வேலி

நேரடியாகப் பொருந்தாது. நம்மிடம் விற்ற நகல்கள் பெரும்பாலும் ஜப்பானில் 1983இல் வந்த ஃபேமிகாமின் வழியில் செய்யப்பட்டவை. அவற்றின் பிளவில் 60 முனைகள். அமெரிக்க வடிவக் கார்ட்ரிட்ஜில் 72 முனைகள். இடையில் அடாப்டர் ஒன்று தேவைப்படும். பூட்டுச் சில்லு நகல்களில் கிடையாது என்பதால் அந்தத் தொல்லை இல்லை.

வேகம் பற்றியும் யோசிக்க வேண்டும். அமெரிக்கக் கருவி நொடிக்கு ஏறத்தாழ 60 திரைகளை வரைகிறது, ஐரோப்பிய டி.வி. முறையான பி.ஏ.எல்.லில் 50. இதைக் கணக்கில் கொள்ளாத ஆட்டம் ஆறில் ஒரு பங்கு மெதுவாக நகரும், இசையும் இழுக்கும். கவனமுள்ள நிரலாளர்கள் இதற்கு அழகான வழி கண்டிருக்கிறார்கள்: ஆட்டம் தொடங்கியவுடன், ஒரு திரை முடிந்து மறுதிரை முடிவதற்குள் செயலி எத்தனை சுழற்சிகள் ஓடுகிறது என்று எண்ணிப் பார்க்கிறார்கள். ஏறத்தாழ 29,780 என்றால் அமெரிக்கக் கருவி, 33,247 என்றால் ஐரோப்பியக் கருவி, 35,464 என்றால் ரஷ்யாவில் டெண்டி என்ற பெயரில் பரவிய வகையைச் சேர்ந்த நகல் கருவி. விடைக்கேற்ப ஆட்டமும் இசையும் வேகத்தைச் சரிசெய்துகொள்ளும். நகல் கருவிகளையும் பொருட்படுத்தி எழுதியவர் என்றால் நம்மைப் போன்றவர்களை மனத்தில் வைத்து எழுதியவர் என்றே நான் கொள்கிறேன். ஆனாலும் எல்லாம் ஒரே சில்லில் அடங்கிய பிற்கால நகல்களில் சில ஒலிகள் மாறிக் கேட்கக்கூடும். அது கார்ட்ரிட்ஜின் குறை ஆகாது.

வாங்கும் முன்பே தரத்தை அறிய வழி உண்டா?
– வாசகர், யாழ்ப்பாணம்

உண்டு. திறந்த போர்டின் படத்தைக் கேளுங்கள். நேர்மையான தயாரிப்பாளர் தயங்காமல் தருவார். பழைய கருவி 5 வோல்ட்டில் பேசுகிறது. இன்று மலிவாகக் கிடைக்கும் ஃபிளாஷ் சில்லுகள் பலவும் 3.3 வோல்ட்டுக்கு உரியவை. நடுவில் மின்னழுத்தத்தை மாற்றித் தரும் சில்லு இல்லாமல் இரண்டையும் நேரடியாக இணைத்தால், ஆட்டம் ஓடத்தான் செய்யும். ஆனால் கார்ட்ரிட்ஜும் கருவியும் நாளடைவில் பாதிக்கப்படலாம். நாற்பது ஆண்டுப் பழமையான கருவியின் சில்லுகளுக்கு மாற்று கிடைப்பது அரிது என்பதால் இதில் நான் சிறிதும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அடுத்தது போர்டின் தடிமன். அசல் என்.இ.எஸ். போர்டுகள் 1.2 மில்லிமீட்டர். சந்தையில் எளிதாகக் கிடைக்கும் 1.6 மில்லிமீட்டர் போர்டைச் செருகினால் கருவியின் பிடிமுனைகள் விரிந்து, அதன்பின் அசல் கார்ட்ரிட்ஜ்களையே சரியாகப் பற்றாமல் போகலாம். செருகும் விளிம்பு சாய்வாகச் சீவப்பட்டு, தங்க முலாம் பூசப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆட்டங்களின் ரோம் கோப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன என்கிறார்களே. பிறகு ஏன் வாங்க வேண்டும்?
– வாசகர், சிங்கப்பூர்

கட்டாயம் ஏதும் இல்லை. ஆக்‌ஷன் 53 தொகுதிகளின் கோப்புகளைத் தொகுத்தவர்களே இலவசமாக வழங்கியிருக்கிறார்கள். எமுலேட்டரில் இன்றே விளையாடலாம். கார்ட்ரிட்ஜ் வாங்குவது, கருவியை இன்னும் பயன்படுத்துபவர்களுக்கும், இந்த உழைப்பு தொடர வேண்டும் என்று விரும்புபவர்களுக்கும் உரியது. கையில் கோப்பு இருக்கும்போது, தீர்ந்துபோன பதிப்பு ஒன்றை மறுவிற்பனையில் பல மடங்கு விலைக்கு வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கூடுதல் பணத்தில் ஆட்டத்தை எழுதியவருக்கு எதுவும் போவதில்லை. அடுத்த தொகுப்புக்கு முன்பதிவு திறக்கும்போது அதே தொகையை அவர்களிடம் கொடுங்கள்.

தொகுப்பில் துப்பாக்கி ஆட்டம் இருந்தால் எங்கள் எல்.இ.டி. டி.வி.யில் ஆட முடியுமா?
– வாசகர், புதுச்சேரி

முடியாது. ஸாப்பர் துப்பாக்கி, பழைய படக்குழாய்த் திரையில் ஒளிக்கற்றை வரிவரியாக வரைந்து செல்லும் அந்தத் துடிப்பை உணரும்படி செய்யப்பட்டது. விசையை அழுத்தியவுடன் திரை கறுத்து இலக்கு மட்டும் வெண்கட்டமாக மின்னும் நொடியை அது பிடிக்கிறது. புதிய திரைகளில் அந்தத் துடிப்பும் இல்லை, படமும் சற்றுத் தாமதித்தே வருகிறது. துப்பாக்கிக்கென்றே எழுதப்பட்ட 'ஸாப் ரூடர்' போன்றவற்றை ஆட வேண்டுமானால் குழாய் டி.வி. தவிர வேறு வழியில்லை. உறவினர் வீட்டுப் பரணில் ஒன்று இருந்தால், கார்ட்ரிட்ஜ் வந்து சேர்வதற்குள் அதை இறக்கி, படம் தெளிவாக வருகிறதா என்று பார்த்து வையுங்கள்.