கவுன்டருக்கு உட்பக்கத்துப் பயம்

கேள்வி: நான் ஒரு வங்கிக் கிளையின் மேலாளர். வாடிக்கையாளர்களைச் செயலிக்கு மாறச் சொல்லும் என் ஊழியர்களே, சொந்தப் பணத்தை அனுப்பச் சீட்டு எழுதுகிறார்கள். மூன்று முறை பயிற்சி வகுப்பு நடத்தியும் பலனில்லை. என்ன செய்வது?

பதில்: வங்கியில் 34 ஆண்டுகள் இருந்தேன், கடைசிப் 11 ஆண்டுகள் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தேன். உங்கள் ஊழியர்களிடம் இருப்பது பயம் என்றே நினைக்கிறேன்.

வேலை போய்விடுமோ என்ற பயம் ஓரளவு இருக்கும். ஏ.டி.எம். பரவிய காலத்தில், 1988-க்கும் 2004-க்கும் இடையில், அமெரிக்க நகரங்களில் ஒரு கிளைக்குத் தேவைப்பட்ட காசாளர்கள் சுமார் 20 பேரிலிருந்து 13 ஆகக் குறைந்தார்கள். ஆனால் கிளை நடத்தும் செலவு குறைந்ததால் கிளைகளின் எண்ணிக்கை 40 சதவீதத்துக்கும் மேல் கூடியது. இதை அவர்களிடம் சொல்லுங்கள். நாளையும் அப்படியே நடக்கும் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

இதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. எங்கள் கிளையில் மூத்த காசாளர் ஒருவர் இருந்தார். கள்ள நோட்டை விரல் நுனியிலேயே கண்டுபிடித்துவிடுவார். செயலியை மட்டும் தொடவே மாட்டார். ஒருநாள் காரணம் கேட்டேன். "கணக்கில் பணம் கழிந்துவிட்டது, போய்ச் சேரவில்லை என்று ஒருவர் வந்து நிற்கிறார். அந்தக் காலம் என்றால் பேரேட்டைப் புரட்டிக் காட்டியிருப்பேன். இப்போது பணம் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லையே ஐயா" என்றார். அத்தனை வகுப்புகள் எடுத்தும் இது எனக்குத் தோன்றவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

தொழில்நுட்பப் பிரிவிலிருந்து ஒருவரை வரவழைத்தேன். பரிமாற்றம் எந்தெந்த இடத்தில் சிக்கும், எவ்வளவு நேரத்தில் பணம் திரும்பும், யாரைக் கேட்க வேண்டும் என்பதையெல்லாம் படிப்படியாக விளக்கச் சொன்னேன். அந்தக் காசாளர் அதைத் தம் கைப்பட ஒரு தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். இரண்டு மாதத்தில் மற்றவர்கள் சந்தேகம் கேட்டு அவரிடம்தான் போனார்கள்.

1989-இல் ஃபிரெட் டேவிஸ் என்ற ஆய்வாளர், கணினியை ஒருவர் ஏற்பதைத் தீர்மானிப்பவை இரண்டு என்று எழுதினார்: அது தன் வேலைக்கு உதவும் என்ற எண்ணம், கையாள எளிது என்ற எண்ணம். இரண்டில் முதலாவதுதான் வலுவானது என்று கண்டார். நம் வகுப்புகளோ எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதோடு முடிந்துவிடுகின்றன.

திரையில் பதிந்ததையே பதிவேட்டிலும் எழுதச் சொல்கிறீர்களா? அப்படியானால், தணிக்கையாளரிடம் கலந்து பேசி அந்த இரட்டை வேலையை முதலில் ஒழியுங்கள். மாதத்துக்கு இத்தனை பேரைச் செயலியில் சேர்க்க வேண்டும் என்று இலக்கும் வைக்காதீர்கள். இலக்கை எட்டுவதற்காக வாடிக்கையாளரின் போனை வாங்கி, ரகசிய எண்ணையும் ஊழியரே போட்டுக் கொடுத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அது எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் சொந்தப் பணத்தை எப்படி அனுப்புகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. செயலியில்தான் என்றால், அடுத்த முறை அவர்கள் நடுவில் உட்கார்ந்து அனுப்புங்கள். அது எங்காவது சிக்கிக்கொண்டால், எல்லோருமாகச் சேர்ந்து தேடுங்கள்.