பேஸ் எந்தப் பாரில் கைமாற வேண்டும்? – வாசகர் கேள்வி பதில்

வேகமான டிரம்ஸும் ஆழ்ந்த பேஸும் (அடியாழ ஒலி) கொண்ட மின்னணு நடன இசையான டிரம் அண்ட் பேஸ் இசைத்தட்டுகளை மிக்ஸ் செய்வது, அதாவது ஒன்று ஓடும்போதே அடுத்ததை அதனோடு சேர்த்து ஒலிக்கவிட்டு மாறுவது பற்றிச் சென்ற இதழில் எழுதிய சிறு குறிப்பைத் தொடர்ந்து பல கேள்விகள் வந்துள்ளன. அவற்றில் ஆறு கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இரண்டு இசைத்தட்டுகளின் வேகத்தையும் சரியாகப் பொருத்திவிடுகிறேன். அடி விலகுவதே இல்லை. ஆனாலும் இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது ஒரே இரைச்சலாக இருக்கிறது. காரணம் என்ன?
– பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர், செங்காங்

வேகம் பொருந்தியதும் வேலை முடிந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதற்குப் பிறகுதான் மிக்ஸ் தொடங்குகிறது. இன்றைய டிரம் அண்ட் பேஸ் பெரும்பாலும் நிமிடத்துக்கு 174 அடி என்ற வேகத்தில் அமைகிறது. அந்த வேகத்தில் நான்கு அடி கொண்ட ஒரு பார் ஏறத்தாழ 1.38 வினாடி நீடிக்கும். 16 பார் 22 வினாடி, 32 பார் 44 வினாடி. டிரம்ஸ் நுழைவது, குரல் நிற்பது, டிராப் (டிரம்ஸும் பேஸும் முழு வேகத்தில் வந்து இறங்கும் இடம்) விழுவது என இந்த இசையில் நிகழும் முக்கியமான மாற்றங்கள் பெரும்பாலும் இந்த 16 பார் எல்லைகளில்தான் வருகின்றன. ஆகவே அடியோடு அடி சேர்ந்திருந்தாலும், ஒரு தட்டின் ஐந்தாவது பாரும் மற்றதன் முதல் பாரும் ஒன்றாக ஓடினால், முதல் தட்டு எல்லையைத் தொட்டு அடங்கும்போது இரண்டாவது தட்டு நடு வாக்கியத்தில் நின்றுகொண்டிருக்கும். கேட்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் ஏதோ பிசகியிருப்பது தெரிந்துவிடும்.

உங்கள் சிக்கலுக்கு இதைவிடவும் பெரிய காரணம் பேஸாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. இந்த இசையின் அடியாழ பேஸ் பெரும்பாலும் 40 முதல் 60 ஹெர்ட்ஸ் வரையிலான குறுகிய இடத்தில் வசிக்கிறது. எஃப் சுரத்தில் அமைந்த பேஸ் ஏறத்தாழ 43.7 ஹெர்ட்ஸில் அதிர்கிறது என்றும், ஜி சுரத்தில் அமைந்தது 49 ஹெர்ட்ஸில் அதிர்கிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒன்றாகத் திறந்துவிட்டால், அவற்றுக்கு இடையே உள்ள வேறுபாடு வினாடிக்கு ஐந்து முறை ஏறி இறங்கும் ஒரு துடிப்பாக ஒலிபெருக்கியில் கேட்கும். இரண்டும் ஒரே சுரமாகவே இருந்தாலும், அலைகள் எதிரெதிராக அமைந்துவிட்டால் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, இரண்டு பேஸ் ஓடியும் ஒரு பேஸ்கூட இல்லாத நிலை உண்டாகும். அதனால்தான் ஒரு நேரத்தில் ஒரு பேஸ் மட்டுமே ஒலிக்க வேண்டும் என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். புதிய தட்டை உள்ளே கொண்டுவரும்போது மிக்சரில் அதன் பேஸைக் கூட்டிக் குறைக்கும் லோ குமிழை முழுவதும் இறக்கி வையுங்கள். 16 பார் எல்லையின் முதல் அடியில், ஒரு கையால் பழையதன் லோவை இறக்கி, மறுகையால் புதியதன் லோவை ஏற்றுங்கள். அந்த ஒரு கணம்தான் மிக்ஸ். மற்றவை எல்லாம் அதற்கான முன்னேற்பாடு.

அடி பொருந்தியிருக்கிறதா என்று ஹெட்ஃபோனில் சோதிக்கும்போது கிக்கை (காலால் அடிக்கும் பெரிய டிரம்) கேட்காமல் ஸ்னேரை (கூர்மையாக ஒலிக்கும் சிறிய டிரம்) கேளுங்கள். இந்த இசையில் கிக் தட்டுக்குத் தட்டு இடம் மாறும். ஸ்னேர் பெரும்பாலும் இரண்டாவது, நான்காவது அடிகளில் உறுதியாக நிற்கும். இரண்டு ஸ்னேரும் சேர்ந்து ஒரே அடியாகக் கேட்க வேண்டும். ‘டக்’ என்பது ‘ட்ரக்’ என்று பிளந்து கேட்டால், எந்தத் தட்டு முந்துகிறது என்பதைக் கண்டுபிடித்து அதன் விளிம்பை விரலால் மெல்லத் தொட்டுச் சற்றே வேகத்தைக் குறையுங்கள்.

ஒரு மிக்ஸ் எவ்வளவு நேரம் நீடிக்க வேண்டும்? சிலர் ஒரு நிமிடத்துக்கு மேல் இரண்டையும் ஓடவிடுகிறார்கள். சிலர் வெட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.
– வாசகர், தெம்பனிஸ்

இதற்குப் பொது விதி இல்லை. ஒவ்வொரு டிஜேயின் தனித்தன்மையும் இந்த இடத்தில்தான் வெளிப்படுகிறது என்பதால் கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. பிரிட்டனில் இந்த இசை உருவான 1990களிலிருந்தே இரண்டு மனப்போக்குகளும் அருகருகே இருந்துவந்துள்ளன. எல்டிஜே புகேம் போன்றவர்கள் பரந்த சுரப் பின்னணி கொண்ட தட்டுகளை நீண்ட நேரம் ஒன்றன்மேல் ஒன்றாக மிதக்கவிட்டார்கள். 1992இல் ராம் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ஆண்டி சி, மூன்று டர்ன்டேபிள்களில் (இசைத்தட்டைச் சுழற்றும் கருவி) விரைவாகத் தாவிச் செல்லும் முறைக்குப் பெயர் பெற்றவர்.

இருவரில் யாரைப் பின்பற்றுவது என்று முடிவு செய்துவிட்டுத் தட்டுகளைத் தேடுவதை நான் ஏற்பதில்லை. எவ்வளவு நேரம் சேர்ந்திருக்கலாம் என்பதைத் தட்டே சொல்லிவிடும். மெல்லிசையும் குரலும் நிறைந்த இரண்டு தட்டுகள் 16 பாருக்கு மேல் ஒன்றையொன்று தாங்க மாட்டா. ஒன்று வெறும் டிரம்ஸும் மற்றது விரிந்த சுரங்களுமாக இருந்தால் 64 பார்கூட நீண்டதாகத் தோன்றாது. என் சொந்தப் பழக்கம், முதல் தட்டின் டிராப் விழும் அதே அடியில் இரண்டாவது தட்டின் முன்னுரையை, அதாவது டிராப்புக்கு முந்தைய தொடக்கப் பகுதியைத் தொடங்குவது. முன்னுரை 64 பாராக இருந்து, டிராப் பகுதியும் 64 பாராக இருந்தால், ஏறத்தாழ 88 வினாடிகள் கழித்து முதல் தட்டு ஓயும் அந்த நொடியில் இரண்டாவதன் டிராப் தானாகவே வந்து விழும். இதற்கு, கையில் உள்ள ஒவ்வொரு தட்டின் முன்னுரை எத்தனை பார் என்பது மனப்பாடமாக இருக்க வேண்டும். உறையின் மூலையில் பென்சிலால் குறித்து வைப்பது நல்லது.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தி வின்ஸ்டன்ஸ் குழு 1969இல் வெளியிட்ட ‘ஆமென், பிரதர்’ பாடலில் வரும் நான்கு பார் டிரம்ஸ் துண்டுதான் ஆமென் பிரேக் என்ற பெயரில், டிரம் அண்ட் பேஸுக்கு முன்னோடியான ஜங்கிள் இசை முழுவதும் வெட்டி ஒட்டப்பட்டது. அந்தத் துண்டில் ஸ்னேரின் சிற்றடிகளும் சிம்பல் ஓசையும் இடைவிடாமல் நிரம்பியிருக்கின்றன. ஆகவே ஆமென் பிரேக் உள்ள இரண்டு தட்டுகளை நீண்ட நேரம் சேர்த்து ஓட்டுவதைத் தவிர்க்கிறேன். அதன் அருகில், எளிய இரண்டடி அமைப்பு கொண்ட தட்டு ஒன்றை வைத்தால் இரண்டுமே தெளிவாகக் கேட்கும்.

டபுள் டிராப் செய்வதற்கு ஏற்ற இணைகளை எப்படித் தேர்ந்தெடுப்பது?
– வாசகர், சுவா சூ காங்

இரண்டு தட்டுகளின் டிராப்பும் ஒரே அடியில் விழும்படி அமைப்பதே டபுள் டிராப். இதில் மேலே சொன்ன ஒற்றை பேஸ் விதி உடைவதுபோல் தோன்றும். ஆனால் நல்ல டபுள் டிராப்பில் அது உடைவதில்லை. ஒரு தட்டின் பேஸ் இரண்டு பார் பேசிவிட்டு இரண்டு பார் மௌனமாக இருந்து, அந்த மௌனத்தில் மற்றது பதில் சொல்வதாக அமைந்த இணையைத் தேடுங்கள். அப்படிக் கிடைக்காவிட்டால் ஒன்றின் அடியாழத்தை இறக்கிவிட்டு, அதன் நடுச்சுர உறுமலை மட்டும் மேலே விடுங்கள். ஓர் இரவில் ஓரிரு முறைக்கு மேல் இதைச் செய்தால் அதன் வலிமை குறைந்துவிடும் என்பது என் கருத்து.

என் மகன் பல ஆண்டுகள் மிருதங்கம் கற்றான். இப்போது அதை விட்டுவிட்டு டர்ன்டேபிள் பழகுகிறான். கற்றதெல்லாம் வீணாகிவிட்டதே என்று கவலையாக இருக்கிறது.
– தாயார் ஒருவர், புக்கிட் பாத்தோக்

வீணாகவில்லை, அம்மா. மற்றவர்கள் சிரமப்பட்டுப் பழகும் ஒன்று உங்கள் மகனின் கையில் ஏற்கெனவே இருக்கிறது. 174 அடி வேகத்தை ஒவ்வோர் அடியாக எண்ணுவது யாருக்குமே கடினம். அதன் பாதியான 87இல் எண்ணினால் கை நிதானமாகத் தாளம் போடும். அந்தப் பாதி வேகத்தில் ஆதி தாளம் போட்டால், எட்டு எண்ணிக்கை கொண்ட ஓர் ஆவர்த்தனம் சரியாக நான்கு பாராகும். நான்கு ஆவர்த்தனம் முடிந்தால் 16 பார் முடிந்திருக்கும். ஐந்தாவது ஆவர்த்தனத்தின் சமம் (முதல் அடி) விழும் இடத்தில்தான் பேஸ் கைமாற வேண்டும். கோர்வையை (முடிவாக வாசிக்கும் தாளக் கோவை) எங்கே தொடங்கினால் எடுப்பில் (பாடல் தொடங்கும் இடம்) சரியாக வந்து சேரும் என்று பின்னோக்கிக் கணக்கிடும் பயிற்சியும் அப்படியே பயன்படும். இரண்டாவது தட்டை எந்த ஆவர்த்தனத்தில் விட்டால் அதன் டிராப் வேண்டிய இடத்தில் விழும் என்பதும் அதே கணக்குதான். மிருதங்கத்தையும் தொடர்ந்து வாசிக்கும்படி அவரிடம் சொல்லுங்கள்.

சிங்க் பட்டனைப் பயன்படுத்துவது சரியா? வினைல் தட்டில் பழகுவதால் என்ன கூடுதல் பயன்?
– வாசகர், உட்லண்ட்ஸ்

சிங்க் பட்டன் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. வேகத்தைப் பொருத்துவதை அது செய்துவிடும், பேஸை எங்கே மாற்றுவது என்பதை அது முடிவு செய்யாது. இருப்பினும் வினைல் காதுக்குக் கற்பிக்கும் பாடம் ஒன்று உண்டு. தட்டின் வேகம் மாறும்போது சுருதியும் சேர்ந்து மாறுகிறது. 170 அடி வேகத்தில் அமைந்த ஒன்றை 174க்கு ஏற்றினால் சுருதி அரைச்சுரத்தில் பாதிக்கும் குறைவாகவே நகரும். ஆனால் 1990களின் நடுப்பகுதியைச் சேர்ந்த 165 அடி வேக ஜங்கிள் தட்டை 174க்கு ஏற்றினால் ஏறக்குறைய ஓர் அரைச்சுரமே உயர்ந்து, எஃப் சுரத்தில் பதிவான பேஸ் எஃப் ஷார்ப்பாக ஒலிக்கும். டெக்னிக்ஸ் எஸ்எல் 1200 எம்கே2 டர்ன்டேபிளில் வேகத்தை மாற்றும் பிட்ச் ஸ்லைடர் கூட்டியும் குறைத்தும் 8 விழுக்காடு வரைதான் நகரும் என்பதால், 160 அடி வேகத் தட்டு 174ஐ எட்டவே எட்டாது. ஆகவே எழுதி வைத்த சுருதிப் பட்டியலை மட்டும் நம்பாமல், ஓடும் வேகத்தில் ஹெட்ஃபோனில் கேட்டு முடிவு செய்யுங்கள். டிஜிட்டல் கருவிகளில் சுருதியைப் பூட்டிவைக்கும் வசதி இருக்கிறது. அதை அதிகம் இழுத்தால் ஸ்னேரின் கூர்மை மழுங்குவதைக் கவனித்திருப்பீர்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் பயிற்சி செய்வது பெரும் சிரமமாக இருக்கிறது. மேலும் இங்குள்ள கூட்டத்துக்கு இந்த வேகம் பழக்கமில்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உங்கள் ஆலோசனை என்ன?
– வாசகர், ஈசூன்

அடியாழ ஒலி கான்கிரீட் சுவரையும் தளத்தையும் கடந்து போகும். சுவரில் ஒட்டும் நுரைப்பஞ்சு அதைத் தடுக்காது. ஒலிபெருக்கியைத் தரையில் வைக்காமல் தடித்த ரப்பர் மேல் வையுங்கள். இரவில் ஹெட்ஃபோனில் மட்டும் பழகுங்கள். பேஸை மாற்றும் கையசைவைக் குறைந்த ஒலியிலும் நன்றாகவே பழக முடியும்.

கூட்டம் பற்றிய கேள்விக்கு, முன்சொன்ன பாதி வேகமே பதில். 174 அடி இசைக்கு ஆடுபவர்களில் பலர் 87க்குத்தான் காலடி வைக்கிறார்கள். எனவே 85 முதல் 87 அடி வரையிலான ஹிப்ஹாப் அல்லது ரெகே தட்டுகளில் தொடங்கி, கூட்டம் அந்த நடைக்கு வந்த பிறகு, அதன்மேல் 174 அடி தட்டின் முன்னுரையை லோ இல்லாமல் ஓடவிடுங்கள். ரெகேயின் பேஸ் ஓடிக்கொண்டிருக்க, மேலே ஹைஹேட் (இணைச் சிம்பல்) மட்டும் இரட்டிப்பாகும். ஆடுபவர் தம் காலடியை மாற்ற வேண்டியதில்லை. 32 பார் கழித்து பேஸைக் கைமாற்றுங்கள். முதல் டிரம் அண்ட் பேஸ் தட்டாக ஆரவாரமான ஒன்றை எடுக்காமல், ஸ்னேருக்கு இடையில் நிறைய இடம் விட்டு, பேஸ் நீண்டு ஒலிக்கும் தட்டாகப் பார்த்து எடுங்கள்.