இடையிருள் யாமம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் 'இடையிருள் யாமம்' சிறுகதையை இரண்டு முறை படித்தேன். கடச்சனேந்தலில் மோர் விற்கும் பேச்சியம்மா, அவர் வீட்டுக்குக் குடிவந்த இளந்தம்பதி, வேலை தேடி டவுனுக்குப் போன கணவன் பிணமாகத் திரும்புவது எல்லாமே பட்டப்பகலில் நடக்கிறது. நள்ளிரவு எங்குமே இல்லை. தலைப்பு சிலப்பதிகாரத்தில் வருவது, கண்ணகியைக் குறிக்கிறது என்றார் எங்கள் தமிழாசிரியர். எனக்குப் பிடிபடவில்லை. கடைசியில் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருக்கும் பேச்சியம்மாவுக்கு என்ன ஆகிறது?

ம., திருமங்கலம்

அன்புள்ள ம.,

உங்கள் ஆசிரியர் காப்பியத்தைச் சரியாகப் பிடித்துவிட்டார். ஆள்தான் வேறு. மாதரி.

சமணத் துறவி கவுந்தியடிகள் கண்ணகியை அடைக்கலமாக ஒப்படைத்தது இந்த இடைச்சியிடம். ஆய்ச்சியர் கொடுத்த வெள்ளரி, மாதுளங்காய், சாலி அரிசி, பால் எல்லாம் வைத்துக் கண்ணகி கோவலனுக்குக் கடைசியாகச் சமைத்துப் போட்டது அங்கேதான். பேச்சியம்மா முதல் நாள் வெள்ளரிப்பிஞ்சோடு வந்து நிற்பது அதனால். கடைச்சிலம்பு ஏந்தல்தான் கடச்சனேந்தல் ஆனது என்று அழகர்கோவில் சாலைப் பக்கம் சொல்வார்கள். கதைக்கு அந்த ஊரை எடுத்ததும் அதற்காகவே.

அந்த மாதரி பிறகு என்ன ஆனாள்? வஞ்சிக் காண்டத்தில், நீர்ப்படைக் காதையில், மாடலன் என்ற மறையவன் சேரன் செங்குட்டுவனிடம் சொல்லும் செய்திகளுக்கு நடுவே வருகிறது:

"அடைக்கலம் இழந்தேன் இடைக்குல மாக்காள்
குடையும் கோலும் பிழைத்த வோவென
இடையிருள் யாமத்து எரியகம் புக்கதும்"

சிம்மக்கல் நூலகத்தில் இதைப் படித்த அன்று அதற்குமேல் என்னால் பக்கம் திருப்ப முடியவில்லை. பொய் சொன்னவன் பொற்கொல்லன். கொல்லச் சொன்னவன் அரசன். தீக்குள் போனவளோ பார்த்துக்கொள்கிறேன் என்று ஏற்றுக்கொண்டவள்.

'மாதரி' என்றே பெயர் வைத்திருக்கலாம். வைத்தால் முதல் பத்தியிலேயே முடிவைச் சொன்னது போலாகிவிடும். அதனால் அடியில் பாதியை மட்டும் எடுத்தேன். 'எரியகம் புக்கதும்', அதாவது தீக்குள் புகுந்ததும், தெரிந்தவருக்குப் பேச்சியம்மா அடுப்பு மூட்டும்போதெல்லாம் வயிற்றைக் கலக்கும். தெரியாதவர் வெறும் இருட்டு என்று படிக்கட்டும். பிணம் வாசலில் இறங்கும் அந்த நண்பகல் பேச்சியம்மாவுக்கு இருட்டுதானே. காப்பியம் படித்தவருக்கு மட்டும் திறக்கிற தலைப்பை நான் வைக்க மாட்டேன்.

பேச்சியம்மா அடுப்புக்குள் விறகைத் தள்ளிவிடுகிறார். அதோடு நிறுத்திவிட்டேன். மாடலனைப்போல் மூன்று அடியில் அவரை முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை.