ஓய்வுப் பணத்தைப் போட்டு, ஓய்வு பெற்றவர்களுக்கு வேலை கொடுக்கலாமா?

கேள்வி: பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலையில் 31 வருடம் மெயின்டனன்ஸ் பிரிவில் இருந்து, போன மாதம் 58 வயதில் ஓய்வு பெற்றேன். பி.எஃப்., கிராஜுவிட்டி சேர்த்து 26 லட்சம் வந்திருக்கிறது. என்னைப் போலவே ஓய்வு பெற்ற மூன்று நண்பர்களோடு, தலைக்கு 8 லட்சம் போட்டு ஒரு பட்டறை தொடங்க நினைக்கிறோம். 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டுமே அதில் வேலை. ஆளுக்கு மாதம் 18,000 எடுக்கலாம் என்று கணக்கு. பென்ஷன் மாதம் 5,200 வரும். அதை 60 வயது வரை தள்ளிப் போட்டால் கூடும் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. பட்டறைதான் பிடிக்கவில்லை.

அந்த 18,000 ரூபாயைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். 8 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், இப்போதைய 8.2% வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 16,400 ரூபாய் வரும். மாதத்துக்கு ஏறக்குறைய 5,470. கையைக் காலை அசைக்காமல் வருகிற பணம் இது. அப்படியானால் பட்டறையில் உங்கள் உழைப்புக்குக் கிடைக்கும் கூலி 12,500தான். லேத் வாங்கி, ஷெட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்து, முதலையும் பணயம் வைத்து வாங்கும் சம்பளம் அது. உங்கள் அனுபவத்துக்கு இது குறைவு.

உங்கள் நால்வரிடமும் இருக்கும் சரக்கு வேறு. நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் மெஷின் ஓடும் சத்தத்தை வைத்தே எங்கே பேரிங் போயிருக்கிறது என்று சொல்கிற காது உங்களுடையது. சின்ன மில்களுக்கு அப்படி ஒரு ஆளை மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளக் கட்டாது, ஆனால் மாதத்தில் நான்கு நாள் தேவைப்படும். ஆகவே பட்டறை வேண்டாம். வருடப் பராமரிப்பு ஒப்பந்தமாக ஐந்தாறு மில்களைப் பிடியுங்கள். கடைசல் வேலை வந்தால் ஏற்கெனவே இருக்கிற லேத் பட்டறையில் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். பேரிங் புல்லர், டயல் கேஜ் என்று கருவிகளுக்கும் மற்ற ஆரம்பச் செலவுக்கும் ஆளுக்கு ஒரு லட்சம் போடுங்கள். அது தீர்ந்தால் மேற்கொண்டு போடுவதில்லை என்று இப்போதே நால்வரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை கூடக் கூட ஆள் சேருங்கள். நைட் ஷிஃப்ட் வேண்டாம். 65 தாண்டியவர் இருந்தால் ஒரே வேலையை இரண்டு பேர் அரை அரை நாளாகப் பங்கிட்டுக்கொள்ளட்டும். பத்துப் பேர் ஆனதும் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு வந்துவிடும். அதுவரை விபத்துக் காப்பீடு இல்லாமல் ஒருவரையும் மெஷின் பக்கத்தில் விடாதீர்கள். இந்த வயதில் எலும்பு முறிந்தால் கூடுவதற்கு நாளாகும், உங்களுக்கே தெரியும்.

சாதாரணக் கூட்டாண்மை போடாதீர்கள். கடன் ஏறினால் பங்குதாரர்களின் வீடு வரை வரும். எல்.எல்.பி. (பங்குதாரர்களின் பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டாண்மை) என்று பதிவு செய்தால் நஷ்டம் போட்ட பணத்தோடு போகும். அப்புறம் உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு. அதற்குச் செலவே இல்லை. மில்காரர்கள் பில்லை இழுத்தடிப்பது ஊரறிந்த கதை. உத்யம் பதிவு உள்ள சிறு நிறுவனத்துக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில் பணம் தரவேண்டும், இல்லாவிட்டால் 15 நாள். தாமதித்தால் பணம் கொடுக்கிற வருடம் வரை அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்பதால், மார்ச் நெருங்கும்போது அவர்களுடைய ஆடிட்டரே உங்களுக்காகப் பேசுவார்!

பென்ஷனைத் தள்ளிப் போடாதீர்கள். வருடத்துக்கு 4% கூடும் என்பது உண்மைதான். இரண்டு வருடம் பொறுத்தால் மாதம் சுமார் 420 ரூபாய் அதிகம் வரும். ஆனால் அந்த இரண்டு வருடத்தில் நீங்கள் விடுவது 1,24,800 ரூபாய். மாதம் 420 வீதம் அதைத் திரும்ப எடுக்க 24 வருடத்துக்கு மேல் ஆகும், அதாவது 84 தாண்டிய பிறகுதான் லாபமே. பென்ஷன் வாங்கிக்கொண்டே இந்தத் தொழிலைச் செய்யத் தடை இல்லை.

சரி, மீதி 25 லட்சம். மில்லின் குரூப் மருத்துவக் காப்பீடு ஓய்வோடு நின்றிருக்கும். முதலில் உங்களுக்கும் மனைவிக்கும் தனியாக ஒன்று எடுங்கள். 5 லட்சத்தை வங்கியில் அவசரத்துக்கு வைத்துவிட்டு, 18 லட்சத்தை அந்த மூத்த குடிமக்கள் திட்டத்தில் போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 36,900 வரும். 60 ஆகாதவர்கள் ஓய்வுப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் சேர வேண்டும், உங்களுக்கு ஒரு மாதம் ஏற்கெனவே போய்விட்டது. தபால் அலுவலகம் போகும்போது, ஓய்வு பெற்ற தேதியும் வந்த பணத்தின் விவரமும் எழுதிய மில் சான்றைக் கையோடு கொண்டுபோங்கள். அது இல்லாமல் கணக்குத் திறக்க மாட்டார்கள்.