பதிவேடு, காணிக்கை, கையெழுத்து: ஓய்வுபெற்ற போதகரிடம் கேள்விகள்

நீலகிரிச் சபைகளில் பல ஆண்டுகள் ஊழியம் செய்து ஓய்வு பெற்றவன் நான். சபை அலுவல் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஐயா, திருமணப் பதிவேட்டில் மணமகளின் அப்பா பெயரைத் தப்பாக எழுதிவிட்டேன். ஒயிட்னர் போடலாமா? (கோத்தகிரி, புதிய போதகர்)

தம்பி, ஒயிட்னரைத் தொடவே வேண்டாம். 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்திலேயே இதற்கு வழி இருக்கிறது. தவறு தெரியவந்த ஒரு மாதத்துக்குள் மணமக்களை வரவழையுங்கள். அவர்கள் ஊரில் இல்லையென்றால் நம்பகமான சாட்சிகள் இருவர் போதும். பழைய வரியை அப்படியே விட்டுவிட்டு, ஓரத்தில் சரியான பெயரை எழுதிக் கையெழுத்தும் தேதியும் போடுங்கள். நகல் ஏற்கெனவே பதிவாளருக்குப் போயிருந்தால், பழைய வரியையும் திருத்தத்தையும் காட்டி இன்னொன்று அனுப்ப வேண்டும்.

எனக்கு முன் இருந்த ஒருவர் பிளேடால் சுரண்டித் திருத்திய ஒரு பக்கம் உண்டு. பல வருடம் கழித்து அந்தப் பெண் விசாவுக்காகச் சான்று கேட்டு வந்தார். சுரண்டிய இடத்தில் முதலில் என்ன இருந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவர் அழுதுகொண்டே போனது இன்னும் மனதில் நிற்கிறது.

மாலை 7.30க்குத் தாலி கட்டலாமா? சொந்தக்காரர்கள் மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறி வர வேண்டும். (வெலிங்டன்)

சாதாரணமாகக் காலை 6 முதல் மாலை 7 வரைதான் சட்டம் தரும் நேரம். மூன்று மணிக்கே ஆராதனையை வையுங்கள். விருந்து இரவில் இருக்கட்டும்.

பாட்டி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர். அப்பாவுக்கு எஸ்டேட் ஜெபவீட்டில் ஞானஸ்நானம். சான்றுக்கு எங்கே போவது? (கூடலூர்)

அம்மா, 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் வந்த பல குடும்பங்களுக்கு இந்தத் தவிப்பு இருக்கிறது. ஜெபவீட்டில் பதிவேடு இருந்திருக்காது. அந்தக் காலத்தில் அது எந்தச் சேகரத்தை (ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுப்பை) சேர்ந்தது என்று பெரியவர்களிடம் விசாரித்து, அங்கே போங்கள். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் கிடைக்காது. கங்காணி சொன்ன உச்சரிப்பில் எழுதியிருப்பார்கள். தாத்தா பாட்டி பெயர், ஞானப்பெற்றோர் பெயர், எஸ்டேட் டிவிஷன் இவற்றையும் கொண்டு போங்கள். கிடைத்தால் பிறந்த தேதி எது, ஞானஸ்நானத் தேதி எது என்று பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளியில் சேர்க்கும்போது இரண்டையும் குழப்பியவர்கள் நிறையப் பேர்.

ஆனால் 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்கு அரசின் பிறப்புச் சான்றிதழ்தான் பிறந்த தேதிக்கு ஆதாரம். அதை மட்டும் தவற விடாதீர்கள்.

காணிக்கை எண்ணும்போது போதகர் இருக்க வேண்டுமா? (குன்னூர், பொருளாளர்)

இருக்கலாம், ஆனால் பணத்தைத் தொடக் கூடாது. கமிட்டியில் இருவர், ஒரே குடும்பத்தவராக இல்லாதவர்கள், ஆராதனை முடிந்த கையோடு எண்ணிக் கையெழுத்திடட்டும். திங்கட்கிழமை பேங்கில் போட்டுவிடுங்கள்.

மழைக்காலத்தில் பழைய பதிவேடுகள் பூஞ்சை பிடிக்கின்றன. (உதகை)

பீரோவைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். பனிக்காலத்தில் வெயில் வந்ததும் பீரோ கதவைத் திறந்து காற்றுப்பட விடுங்கள். லேமினேட் செய்யவே வேண்டாம். ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து, ஒரு பிரதியைச் செயலரிடமும் கொடுத்து வையுங்கள்.