ஃபுகாஸியின் இரண்டாவது ஆல்பம்: கேள்வியும் பதிலும்

வாஷிங்டன் டி.சி.யின் பங்க் ராக் குழுவான ஃபுகாஸி 1991-இல் வெளியிட்ட ‘ஸ்டெடி டயட் ஆஃப் நத்திங்’ ஆல்பம் பற்றி வந்த கேள்விகளுக்கு வந்த வரிசையிலேயே பதில் எழுதியிருக்கிறேன். சொந்தமாக ஆல்பம் பதிவு செய்யப்போகும் சிலரும் கேட்டிருந்ததால் அவர்களுக்கான விவரங்களையும் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: இது இரண்டாவது ஆல்பமா, மூன்றாவதா? ‘13 சாங்ஸ்’ முதல் ஆல்பம் என்று சிலர் சொல்கிறார்களே?

இரண்டாவது. ‘13 சாங்ஸ்’ 1989-இல் வந்த தொகுப்பு. 1988-இல் வந்த முதல் ஈ.பி.யையும் (ஆல்பத்தைவிடச் சிறிய பதிவு) அடுத்து வந்த ‘மார்ஜின் வாக்கர்’ ஈ.பி.யையும் ஒன்றாகச் சேர்த்துப் போட்டார்கள். ஆல்பமாகவே திட்டமிட்டுப் பதிவு செய்த முதல் வேலை 1990-இன் ‘ரிப்பீட்டர்’. குழுவின் பாடகர்களில் ஒருவரான கீ பிச்சியோட்டோ முழுநேரமாகக் கித்தார் வாசிக்கத் தொடங்கியதும் அதில்தான். அதற்கு முன் அவர் பெரும்பாலும் பாடகர் மட்டுமே. ஆக, இரண்டு கித்தார்கள் கொண்ட ஃபுகாஸியின் இரண்டாவது முழுப் பதிவு என்றும் இதைச் சொல்லலாம்.

கேள்வி: அக்கா, ‘ரிப்பீட்டர்’ கேட்டுட்டு உடனே இதைப் போட்டா சப்புன்னு இருக்கு. பாட்டு சரியில்லையா, இல்ல ரெக்கார்டிங்தான் சரியில்லையா?

பாட்டில் குறையில்லை தம்பி. வேலை நடந்த விதத்தில்தான் காரணம் இருக்கிறது.

‘ரிப்பீட்டர்’ பதிவில் டெட் நைஸ்லி என்ற தயாரிப்பாளர் இருந்தார். எந்த டேக்கை (ஒரு பாட்டை ஒருமுறை வாசித்துப் பதிந்ததை) வைப்பது, எந்தக் கித்தாரைக் குறைப்பது என்று வெளியிலிருந்து கேட்டுச் சொல்ல ஒரு காது இருந்தது. அப்போதே அவர் சமையற்கலை படித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது ஆல்பத்தின் நேரத்தில் அந்தத் தொழிலுக்கே போய்விட்டதால் கிடைக்கவில்லை. நால்வரும் தாங்களே தயாரிப்பது என்று முடிவெடுத்து, 1991 ஜனவரி, பிப்ரவரியில் வர்ஜீனியாவின் ஆர்லிங்டனிலுள்ள இன்னர் இயர் ஸ்டுடியோவில் பதிவு செய்தார்கள். எஞ்சினியர் டான் ஸியன்டாரா. டி.சி. பங்க் இசையின் பெரும்பகுதி அவர் கைவழியாகத்தான் வந்தது. இடைவிடாத சுற்றுப்பயணத்தின் களைப்போடு குழு உள்ளே போயிருந்தது.

தயாரிப்பாளர் இல்லாத அறையில் நான்கு பேரும் சமம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வாத்தியங்களின் ஒலியளவைச் சமன்செய்யும் மிக்ஸிங் மேசையில் அது வேறு விதமாக வேலை செய்யும். ஒருவர் வாசித்ததை இன்னொருவர் ‘குறை’ என்று சொல்லத் தயங்குவார். எல்லாம் நடுத்தர அளவில் நின்றுவிடும். ஆல்பத்தின் பங்கீட்டைப் பாருங்கள்: 11 பாட்டுகளில் 5 குழுவின் இன்னொரு பாடகரும் கித்தார் கலைஞருமான இயன் மெக்கே பாடியவை, 5 பிச்சியோட்டோ பாடியவை, ‘ஸ்டெடி டயட்’ மட்டும் குரலில்லாத வாத்திய இசை. அந்தச் சமநிலை ஒலியிலும் தெரிகிறது. டிரம்ஸ் வறண்டு, நெருக்கமாக இருக்கிறது. எதிரொலி அதிகமில்லை. கித்தார்கள் முட்டி மோதி முன்னுக்கு வருவதில்லை. பதிவில் தங்களுக்கு நிறைவில்லை என்று குழுவினரே பின்னாளில் பேட்டிகளில் சொன்னார்கள்.

ஆனாலும் இந்த வறட்சியைக் குறை என்று மட்டும் ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ‘லாங் டிவிஷன்’ மாதிரி அடக்கி வாசிக்கும் பாட்டுக்கு இதுதான் பொருத்தமான ஒலி. ஜோ லாலியின் பேஸ் கித்தாரில் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்கிறது. பாதிக்கப்பட்டது ‘ரிக்ளமேஷன்’. மேடையில் அதே பாட்டு வேறு பாட்டு போலக் கேட்கும்.

இன்னொன்று: 1991 சி.டி.க்கள் இன்றைய பதிவுகளைவிட மெல்லிய அளவில் மாஸ்டர் செய்யப்பட்டவை. புதிய ஆல்பம் ஒன்றை முடித்த கையோடு, வால்யூமைத் தொடாமல் இதைப் போட்டால் யாருக்கும் சப்பென்றுதான் இருக்கும். ஸ்னேர் டிரம்மின் அடி இரண்டிலும் ஒரே சத்தத்தில் கேட்கும்வரை வால்யூமை ஏற்றிவிட்டு ஒப்பிடுங்கள். பாதி வித்தியாசம் அங்கேயே கரைந்துவிடும்.

கேள்வி: எங்க பேண்டும் ரெண்டாவது ஆல்பத்தை நாங்களே மிக்ஸ் பண்ணப்போறோம். நாலு பேர், 10 பாட்டு. நீங்க சொன்ன அந்தப் பிரச்சினை வராம எப்படிப் பார்த்துக்கறது?

வேலையைத் தொடங்கும் முன்பே, பாட்டுக்கு ஒருவர் என்று இறுதி முடிவெடுப்பவரை எழுதி வையுங்கள். அந்தப் பாட்டை எழுதியவராக அவர் இல்லாமலிருப்பது நல்லது. மற்றவர்கள் கருத்துச் சொல்லலாம், ஃபேடரை (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் நகர்பிடியை) தொடக்கூடாது.

அடுத்து, மிக்ஸைத் தொடங்கும்போது கிக் டிரம் உச்சம் மாஸ்டர் மீட்டரில் -10 டெசிபல் பக்கம் நிற்கட்டும். அதன்மேல் பேஸ், பிறகு குரல், கடைசியில்தான் கித்தார்கள். கித்தார்களை முதலில் ஏற்றினால் குரலுக்கு இடமிருக்காது. குரலை ஏற்றுவீர்கள், டிரம்ஸ் அமுங்கும், டிரம்ஸை ஏற்றுவீர்கள், மாஸ்டர் சிவப்பில் போய் முட்டும். அப்புறம் எல்லா ஃபேடரும் மேலேயே இருக்கும், எதுவும் முன்னால் இருக்காது. தாங்களே மிக்ஸ் செய்யும் குழுக்களில் பல இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன. மாட்டிக்கொண்டால் ஒவ்வொன்றாகச் சரிசெய்ய முயல வேண்டாம். எல்லாவற்றையும் கீழே இறக்கிவிட்டு முதலிலிருந்து ஏற்றுங்கள். அரை மணி நேர வேலைதான்.

ஸ்பீக்கர் சத்தம் நீங்கள் உட்காரும் இடத்தில் 75 முதல் 80 டெசிபல் வரை இருந்தால் போதும். போனிலுள்ள மீட்டர் ஆப்பே இதற்குச் சரி. அதற்கு மேல் வைத்தால் காது சீக்கிரம் களைத்து, கூர்மையான ஒலிகள் மழுங்கிக் கேட்கும், நீங்கள் ட்ரெபிளைக் கூட்டிக்கொண்டே போவீர்கள். 45 நிமிடத்துக்கு ஒருமுறை 10 நிமிடம் அறையை விட்டு வெளியே வாருங்கள். மிக்ஸ் முடிந்ததும் மோனோவில், அதாவது இடது வலது இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, போட்டுக் கேளுங்கள். ஒரு கித்தார் காணாமல் போனால் ஃபேஸ் தகராறு, அதாவது ஒலியலைகள் ஒன்றையொன்று அழிக்கின்றன என்று அர்த்தம்.

முடிந்தால் குழுவுக்கு வெளியே ஒருவரை இரண்டு நாள் மட்டும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அவர் பெரிய தயாரிப்பாளராக இருக்க வேண்டியதில்லை. ‘இந்த இடத்தில் எனக்குச் சலிப்புத் தட்டுகிறது’ என்று கூச்சமில்லாமல் சொல்லத் தெரிந்தால் போதும்.

கேள்வி: டேப்பில் பதிவு செய்ததால்தான் அந்த ஒலி வந்ததா?

ஒலியைவிட வேலைமுறையை டேப் அதிகம் மாற்றியது. 2 அங்குல நாடா ஒரு ரீல் 2,500 அடி. நொடிக்கு 30 அங்குல வேகத்தில் ஓடினால் 16 நிமிடம் 40 நொடி, 15 அங்குல வேகத்தில் அதன் இருமடங்கு. இந்த ஆல்பம் 36 நிமிடத்துக்குச் சற்று அதிகம். 30 வேகத்தில் பாட்டுக்கு ஒரே டேக் என்றாலும் மூன்று ரீல் வேண்டும். மூன்று டேக் சேர்த்து வைத்து நிதானமாகத் தேர்ந்தெடுக்கக் குறைந்தது ஏழு வாங்க வேண்டும். ஆகவே பழைய டேக்கை அழித்து அதன்மேல் பதிவு செய்வது வழக்கம், அதாவது நல்லதா கெட்டதா என்று அந்த நொடியே சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லத் தயாரிப்பாளர் இல்லாதபோது என்ன ஆகும் என்பதுதான் மேலே எழுதியது.

கேள்வி: சார்/மேடம், ‘ரிக்ளமேஷன்’ மாதிரி கித்தார் ஃபீட்பேக் வரணும். என்ன பெடல் வாங்கணும்?

ஸ்பீக்கரின் சத்தம் கம்பிகளை மறுபடி அதிரவைத்துச் சுரத்தை நீட்டுவதுதான் ஃபீட்பேக். அதற்குப் பெடலே வேண்டாம். மெக்கேயிடம் கிப்சன் எஸ்.ஜி., மார்ஷல் ஆம்ப், பிச்சியோட்டோவிடம் ரிக்கன்பேக்கர் கித்தார். பெடல் வரிசையை நம்பி வாசித்தவர்கள் அல்ல இவர்கள். ஆம்பின் சத்தமும் நிற்கும் இடமும்தான் அவர்களுடைய எஃபெக்ட்.

ஆம்பில் கெயின் 5 அல்லது 6, மிட் 6-க்கு மேல், பேஸ் 4. கேபினட்டுக்கு (ஸ்பீக்கர் பெட்டிக்கு) எதிரே ஒரு மீட்டர் முதல் ஒன்றரை மீட்டர் தள்ளி, கித்தாரை ஸ்பீக்கர் பக்கம் திருப்பி நில்லுங்கள். ஒரு சுரத்தை மீட்டி, அதை விடாமல் மெதுவாக இடம் மாறுங்கள். சில இடங்களில் அதே சுரம் நீளும், சில இடங்களில் ஒரு எண்மம் (ஆக்டேவ்) மேலே தாவும். அந்த இடங்களைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். அறை மாறினால் இடமும் மாறும் என்பதால் சவுண்ட் செக்கில் மறுபடி தேட வேண்டும். சத்தத்தைக் கட்டுப்படுத்தக் கித்தாரின் வால்யூம் குமிழைச் சுண்டுவிரலால் திருகுங்கள்.

வீட்டில் சத்தமாக வைக்க முடியாவிட்டால் கித்தாரின் தலைப்பகுதியைக் கேபினட் மரத்தில் சாய்த்து வையுங்கள். அதிர்வு நேரே மரம் வழியாகக் கம்பிகளுக்குப் போகும், குறைந்த சத்தத்திலும் வேலை செய்யும்.

கம்பிகளை உள்ளங்கையால் முழுதாக அமுக்கியும் கீச்சென்று விசில் அடித்தால் அது கம்பியின் ஃபீட்பேக் இல்லை. கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பினுள் சுருள் தளர்ந்து அதுவே மைக் மாதிரி செயல்படுகிறது. பிக்கப்பை மெழுகில் ஊறவைத்துத் தரச் சொல்லி மெக்கானிக்கிடம் கொடுங்கள். அதுவரை கெயினைக் குறைத்து வாசிப்பதுதான் வழி.

கேள்வி: பாடல்களில் வரும் அரசியல் எங்களுக்குப் பாதிதான் புரிகிறது. ‘டியர் ஜஸ்டிஸ் லெட்டர்’ யாருக்கு எழுதியது?

அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் பிரென்னனுக்கு. 1956 முதல் பதவியிலிருந்து, தனிமனித உரிமைகளுக்கு ஆதரவான பல தீர்ப்புகளுக்குக் காரணமாக இருந்தவர். 1990 ஜூலையில் ஓய்வு பெற்றார். அவர் போனால் நீதிமன்றம் வலதுபக்கம் சாயும், கருக்கலைப்பு உரிமையை உறுதிசெய்த 1973-இன் ரோ எதிர் வேட் தீர்ப்பே நிலைக்குமா என்ற அச்சம் அப்போது பரவலாக இருந்தது. ‘ரிக்ளமேஷன்’ தன் உடல்மேல் தனக்குள்ள உரிமையைக் கோரும் பாட்டு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், ஒரே கவலையின் இரண்டு முனைகள் என்பது தெரியும்.

போரும் இருக்கிறது. 1991 ஜனவரி 12-ஆம் தேதி வெள்ளை மாளிகைக்கு எதிரேயுள்ள லஃபாயெட் பூங்காவில், வளைகுடாப் போருக்கு எதிராகக் கடுங்குளிரில் குழு வாசித்தது. நான்கைந்து நாளில் ஈராக்கின்மேல் குண்டுவீச்சு தொடங்கியது. ஆல்பம் பதிவானது அந்த வாரங்களில்தான். கடைசிப் பாட்டான ‘கே.ஒய்.இ.ஓ.’ (‘கீப் யுவர் ஐஸ் ஓப்பன்’ என்பதன் சுருக்கம்) கண்ணை மூடாதே என்று சொல்வது எதற்காக என்று இனி விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: அப்படியானால் ஆல்பம் தோல்வியா?

இல்லை. ‘ரிப்பீட்டர்’ அளவுக்குப் புகழவில்லை, அவ்வளவுதான். முந்தையதைவிட இறுக்கம், உற்சாகம் குறைவு என்று எழுதியவர்கள் உண்டு, அடக்கத்துக்காகவே கொண்டாடியவர்களும் உண்டு.

இந்தக் குழுவின் வரவேற்பைப் பத்திரிகைகளை வைத்து மட்டும் அளக்க முடியாது. இசை வீடியோ எடுக்கவில்லை. சாராய, சிகரெட் விளம்பரம் போடும் பெரிய பத்திரிகைகளைத் தவிர்த்தார்கள். டி-ஷர்ட் விற்கவில்லை. ஆல்பத்தை வெளியிட்டது மெக்கேயும் ஜெஃப் நெல்சனும் 1980-இல் தொடங்கிய டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ் நிறுவனம். நிகழ்ச்சிகளுக்கு 5 டாலர் அளவில்தான் டிக்கெட், எந்த வயதினருக்கும் அனுமதி. கூட்டத்தில் அடுத்தவரை அடித்துத் துவைப்பவரைக் கண்டால் வாசிப்பை நிறுத்தி, உறையில் 5 டாலர் போட்டுக் கையில் கொடுத்து வெளியே அனுப்புவார்கள். ஆல்பம் வெளியான அதே ஆண்டு செப்டம்பரில் நிர்வாணா குழுவின் ‘நெவர்மைண்ட்’ வந்து பெரிய நிறுவனங்கள் எல்லாம் இத்தகைய குழுக்களைத் தேட ஆரம்பித்தன. ஃபுகாஸி டிஸ்கார்டை விட்டு நகரவில்லை. விற்பனையைக் கூட்டும் வழிகளை ஒவ்வொன்றாக மறுத்துவிட்டும் ஆட்கள் வந்தார்கள் என்பதைத்தான் வரவேற்பு என்று நான் எடுத்துக்கொள்வேன்.

கேள்வி: அடுத்த ஆல்பத்தில் பிரச்சினையைச் சரி செய்தார்களா?

செய்தார்கள், ஆனால் நேர்வழியில் இல்லை. 1992-இல் சிகாகோ போய் எஞ்சினியர் ஸ்டீவ் அல்பினியுடன் பதிவு செய்தார்கள். அது இரு தரப்புக்கும் பிடிக்கவில்லை, ஓரங்கட்டிவிட்டார்கள். பிறகு நைஸ்லியைத் திரும்ப அழைத்து இன்னர் இயரிலேயே ‘இன் ஆன் த கில் டேக்கர்’ ஆல்பத்தை முடித்தார்கள். 1993-இல் வந்தது. வெளிக்காது திரும்பியதும் கித்தார்கள் எப்படி முன்னுக்கு வருகின்றன என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: டிரம்ஸை அப்படி வறண்டு பதிவு செய்ய எத்தனை மைக்?

நான்கு போதும். கிக், ஸ்னேர், மேலே இரண்டு. மேலேயுள்ள இரண்டும் ஸ்னேரின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். நூல் பிடித்து அளந்து வையுங்கள், 90 சென்டிமீட்டர் சரியாக வரும். 30 சென்டிமீட்டர் வித்தியாசம் ஏறக்குறைய 0.9 மில்லிநொடித் தாமதம், ஸ்னேரின் உடம்பு கரைய அது போதும். சுவர் எதிரொலித்தால் டிரம்மரின் பின்னாலும் தலைக்கு மேலும் கனமான போர்வை கட்டுங்கள்.

கேள்வி: நேரடி நிகழ்ச்சிப் பதிவுகள் கிடைக்குமா? எதில் தொடங்கலாம்?

கிடைக்கும். 2011 முதல் டிஸ்கார்ட் நூற்றுக்கணக்கான நிகழ்ச்சிகளை இணையத்தில் தேதி வாரியாக வைத்திருக்கிறது. 1991-க்குப் பிந்தைய ஏதாவது ஒன்றை எடுத்து, அதில் ‘ரிக்ளமேஷன்’, ‘லாங் டிவிஷன்’ இரண்டையும் முதலில் கேளுங்கள். பிறகு ஆல்பத்துக்கு வாருங்கள். குழுவைப் பற்றிய ‘இன்ஸ்ட்ருமென்ட்’ ஆவணப்படத்துக்கு 1999-இல் வந்த ஒலித்தடத்தில் குழுவின் டெமோக்கள் (முன்னோட்டப் பதிவுகள்) உள்ளன, அதை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.