குளிர் தாங்கும் அத்தி சுங்கை சிப்புட்டுக்கு எதற்கு?

கேள்வி: எஸ்டேட்டை விட்டு மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தாமான் (குடியிருப்பு) வீட்டுக்கு வந்துவிட்டோம். வாசலில் கார் போக நாலு தொட்டிக்குத்தான் இடம். ‘குளிர் தாங்கும் குட்டை அத்தி’ என்று ஒரு கன்றுக்கு 120 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: அந்த விலைக்கு வேண்டாம் அம்மா.

சிகாகோ ஹார்டி போன்ற ரகங்கள் பனியில் தரைக்கு மேல் கருகினாலும் அடியிலிருந்து துளிர்த்து, அந்தப் புதுக்கிளையிலேயே காய்க்கும். பெருமை அதுதான். நம் ஊரில் எந்தப் பனியைத் தாங்கப்போகிறது? இங்கேயும் காய்க்கும், சரி. ஆனால் பெயருக்குக் காசு எதற்கு? குட்டையும் அப்படித்தான். தொட்டி வேரைக் கட்டிப்போடும், மீதியைக் கத்தரிக்கோல் பார்த்துக்கொள்ளும்.

நீங்கள் கேட்க வேண்டியது வேறு: குளவி இல்லாமல் காய்க்கும் ரகமா? ஸ்மிர்னா வகையில் மகரந்தம் கொண்டுவரும் அத்திக்குளவி காய்க்குள் புகுந்தால்தான் பழம். இல்லையேல் பிஞ்சிலேயே உதிரும். நம் காட்டத்தியில் இருக்கும் குளவி வேறு, அது உதவாது. சான் பெட்ரோ வகையில் பழைய கிளைக்காய் தானே பழுக்கும், புதுக்கிளைக்காய்க்குக் குளவி வேண்டும். நாமோ வெட்டி வெட்டிப் புதுக்கிளையில்தான் காய் எடுக்கிறோம். ஆக அதுவும் வேண்டாம். குளவியே வேண்டாத பிரவுன் டர்க்கி, மசுயி டோஃபின் போதும்.

விலை பேசுமுன் தண்டை மெல்ல மேலே இழுத்துப் பாருங்கள். வேரே இல்லாத குச்சியும் தன்னிடமுள்ள சத்தில் நாலு இலை விடும். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) நான் வாங்கியது மூன்றாம் வாரம் வாடியது. பிடுங்கினால் பென்சில் மாதிரி வழவழவென்று வந்தது. இன்னொரு கன்றில் ஒட்டியிருந்த பெயரே தப்பு. புகார் கொடுக்கப் போனேன். ஒரு கவுண்டரில் அடுத்த கவுண்டரைக் காட்டினார்கள், மூன்றாவதில் “ரகம் தப்பு என்பதற்கு ஆதாரம்?” என்றார்கள். காய்த்தால்தானே ஐயா ஆதாரம்!

அப்புறம் மழை. இலையைத் திருப்புங்கள், அடியில் செம்மஞ்சள் தூள் இருந்தால் துருநோய். அந்த இலைகளைப் பறித்துப் பையில் கட்டி எறியுங்கள், தொட்டியடியில் போடாதீர்கள். கார் கூரை ஓரமாக, ஆறு மணி நேரமாவது வெயில் படும்படி, ஆனால் சாரல் இலையில் விழாதபடி வையுங்கள். 40 லிட்டர் தொட்டி, நீர் தேங்காத மண்.

காம்பு தளர்ந்து பழம் தலை தொங்கிய பிறகே பறியுங்கள். முன்பே பறித்தால் வீட்டில் இனிக்காது. வடியும் பால் கையில் பட்டு வெயிலில் நின்றால் கொப்பளிக்கும், உடனே சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.